ஜானகியின் ஸ்வெட்டரும் கந்தசாமியின் குடைமிளகாயும்

செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கந்தசாமிக்கு உடம்பில் எந்த நோயும் கிடையாது. நோயெல்லாம் கண்ணில்தான். ஒரு பொருள் அவர் கண்ணைவிட்டு மறைந்தால் போதும், அது களவு போயிருக்கும், இல்லாவிட்டால் எரிந்திருக்கும், அதுவும் இல்லாவிட்டால் நெளிந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிடும்.

இது பிறவியிலேயே வந்தது. அவர் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது, ஊரே அட்சதை போடுகிறது, மாப்பிள்ளையின் கை தாலி கட்டுகிறது. கண் மட்டும் பந்திக் கூடத்தில். அங்கே அவர்கள் கடை அண்டாவை எவனோ தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போகிறான். முடிச்சு விழுந்ததோ இல்லையோ, மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக எழுந்து ஓடி அண்டாவைப் பிடித்தார். அண்டாவின் விளிம்பு அவருடைய வலது பெருவிரலைக் குறுக்கே கிழித்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் விரலின்மேல் ரயில் தண்டவாளம்போலக் கிடக்கிறது. அன்றைக்கு மஞ்சள் வைத்து அந்த விரலுக்குக் கட்டுப் போட்டதுதான் ஜானகி புருஷனுக்குச் செய்த முதல் பணிவிடை. தாலியின் கனம் தெரிவதற்கு முன்பே அந்தத் தழும்பின் நீளம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜானகிக்கு இருந்தது ஒரே ஆசை. ஊட்டிக்குப் போக வேண்டும். கல்யாணமான புதிதில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருந்த நேபாளிப் பெண்ணிடம் ஒரு மெரூன் ஸ்வெட்டர் வாங்கி வைத்தாள். செஞ்சியில் ஸ்வெட்டர்! பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் பாறைகள், சாயங்காலமானால் மூன்று மலையிலிருந்தும் அதை ஊர்மேல் ஊதுகிற இடம் இது. சித்திரை மாதத்தில் கோட்டைக் குரங்குகள்கூடப் பாறையில் ஓர் இலையைப் போட்டுக்கொண்டுதான் உட்காரும். நம்பாதவர்கள் மத்தியான வேளையில் ராஜகிரி அடிவாரத்துக்குப் போய்ப் பார்க்கலாம்.

ஊட்டிக்குப் புறப்படாமல் இல்லை. முதல் தடவை கீழ்பென்னாத்தூர்வரை போனார்கள். கடை ஷட்டரின் பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று கந்தசாமிக்குச் சந்தேகம் வந்தது, திரும்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை திருவண்ணாமலைவரை போனார்கள். பூட்டை இழுத்துப் பார்த்தது ஞாபகம் இருந்தது, ஆனால் இழுத்த இழுப்பில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று தோன்றிவிட்டது. மூன்றாம் தடவை பஸ் புறப்படுவதற்கு முன்பே இறங்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் ஸ்வெட்டர் பையிலிருந்து பீரோவுக்குத் திரும்பிப் போய்ப் பாச்சை உருண்டைகளோடு குடித்தனம் நடத்தியது.

இப்படிப்பட்ட மனிதர் பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் இருந்த தம் நிலத்தில் குடைமிளகாய் போட்டார். அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் பசுமைக்குடில் என்று பெயர், ஊர் வாயில் பாலிஹவுஸ். குடைமிளகாய் இருக்கிறதே, அது தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. சூடு கொஞ்சம் ஏறினால் முகத்தைத் தொங்கப் போடும். விசிறிவிட வேண்டும், பன்னீர் தெளிக்கிற மாதிரி மேலே புகைத்தண்ணீர் தெளிக்க வேண்டும், வெயில் பட்டால் நிழல்வலையை இழுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் கூரை போட்ட அந்தக் கொட்டகைக்குள் ஒருநாள் ஜானகியைக் கூட்டிப்போய் நிறுத்தினார் கந்தசாமி.

"பாத்தியா? ஊட்டியில காய்க்கிறது இங்கியே காய்க்குது. ஜில்லுனு இருக்குது. ஸ்வெட்டரப் போட்டுனு நில்லேன், ஒரு போட்டோ எடுக்கலாம்."

"ஊட்டியில ரயில் இருக்குமாம். இங்க நீங்க மட்டும்தான் இருக்கீங்க" என்றாள் ஜானகி.

மேலிருந்து தண்ணீர் புஸ்ஸென்று இறங்கியது. ஸ்வெட்டர் நனைந்ததுதான் மிச்சம். காய நான்கு நாள் ஆயிற்று.

கடைக்கும் கொட்டகைக்கும் நடுவே கந்தசாமியின் உயிர் ஊசலாடியது. கல்லாவில் உட்கார்ந்தால் காய் வாடியிருக்குமோ என்று தோன்றும். கொட்டகையில் நின்றால் கல்லாவை எவனாவது திறந்திருப்பானோ என்று தோன்றும். கடைசியில் விழுப்புரத்திலிருந்து தினேஷ்குமார் என்கிற பொறியாளர் தம்பியை வரவழைத்தார். அவன் கொட்டகைக்குள் வெளிச்சத்தை அளக்க ஒரு கண், காற்றின் ஈரத்தை அளக்க ஒரு மூக்கு, மண் ஈரத்தை அளக்க இரண்டு பல் கொண்ட ஒரு முள், எல்லாவற்றையும் பார்க்க ஒரு கேமரா என்று மாட்டினான். வெயில் ஏறினால் வலை தானாக மூடும், காற்று வறண்டால் தானாகத் தூறும், மண் காய்ந்தால் சொட்டுக்குழாய் தானாகத் திறக்கும். அத்தனையும் போனில் தெரியும்.

"போன்லருந்தே கையால ஓட்டறதுக்கும் பட்டன் வெக்கட்டுமா சார்?"

"வேணாம்ப்பா. போன எவனாச்சும் எடுத்துனு போயி அமுக்கிட்டா? மெஷினே பாத்து மெஷினே பண்ணட்டும். மனுஷன் கையே படக்கூடாது."

கொட்டகையில் இருந்த ஸ்விட்சுப் பெட்டியையும் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

"இனிமே நீங்க எங்கிருந்தாலும் பாக்கலாம் சார்" என்றான் தினேஷ்குமார்.

காப்பி கொண்டுவந்த ஜானகி நின்றுவிட்டாள். "எங்கிருந்தாலும்னா? ஊட்டியிலிருந்தாலுமா?"

"அமெரிக்காவுல இருந்தாலும் பாக்கலாம்மா."

ஜானகி புருஷனைப் பார்த்தாள். கந்தசாமி காப்பியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கந்தசாமி கல்லாவிலேயே உட்கார்ந்து விவசாயம் செய்தார். கேமராவில் பேசவும் வசதி இருந்தது. கொட்டகையில் வேலை பார்க்கும் மீனம்பாளுக்கு வானத்திலிருந்து அசரீரி கேட்கத் தொடங்கியது.

"மீனம்பா! மூணாவது வரிசையில ஒரு எல தொங்குது!"

"அது எல இல்ல மொதலாளி, என் முந்தானை. கடையில ஆளு வந்து நிக்குது போல, குடம் இன்னா வெலன்னு கேக்குது. அதக் கவனிங்க."

ஆமாம், இங்கே பேசுவது அங்கே கேட்டால், கடையில் நடப்பதும் கொட்டகைக்குக் கேட்கும்தானே? ஒரே மாதத்தில் மீனம்பாளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கடைக்கு வந்து, பேரத்தைக் கடைசி விலையிலிருந்தே தொடங்கினார்கள். கந்தசாமிக்கு அது ஏன் என்று கடைசிவரை விளங்கவில்லை.

ஊட்டிக்கு நாள் குறித்தது ஜானகிதான். ஆயுத பூஜை அன்று புறப்பாடு. அதற்கு அவள் சொன்ன நியாயத்தைக் கந்தசாமியாலேயே தட்ட முடியவில்லை. பொட்டு வைத்துப் பூஜை போட்ட கருவியை மறுநாள் விஜயதசமி காலை மறுபூஜை முடியும்வரை தொட்டு வேலை வாங்கக்கூடாது, பொட்டையும் அழிக்கக்கூடாது. ஆகவே கடையில் வேலை கிடையாது.

"கொட்டாயில?" என்று கேட்டார் அவர்.

"அங்கதான் எதையும் யாரும் தொட வேணாமே. தானா ஓடுது. தோஷமே இல்ல. உங்க மெஷின விட மடியான மெஷினு ஏதுங்க?"

அன்று விடியற்காலையில் கந்தசாமி கடைப் பூஜையை முடித்துவிட்டு, ஜானகி அரைத்துக் கொடுத்த சந்தனத்தோடு அனந்தபுரம் போனார். மற்றவர்கள் ஆயுத பூஜை செய்வதுபோல் ஏனோதானோவென்று செய்கிற ஆள் இல்லை அவர். ஒரு கருவியையும் விடவில்லை. மீனம்பாள் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பூஜை முடிந்ததும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாடகைக் காரோடு டிரைவர் காமராஜ் வாசலில் நின்றான். காரின் முன்னால் வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அதை நசுக்கிக்கொண்டு புறப்பட்டால் வண்டிக்கு மட்டும் தோஷம் கிடையாது. கண்ணாடியின் ஓரங்களில் மட்டும் பொட்டு.

"நடுவுல பெருசா ஒண்ணு வெக்கக் கூடாதாடா?" என்று குறைப்பட்டார் கந்தசாமி.

"வெச்சா ரோடு தெரியாதுண்ணே. சாமிக்குத் தெரியும். ஓட்டறது நானாச்சே."

ஜானகி திருவண்ணாமலை தாண்டியதும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். வெளியே வெயில் தார் ரோட்டை வறுத்துக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. அவள் கழற்றவில்லை. இதுவரை போனதில் இதுதான் அதிகத் தூரம். ஸ்வெட்டர் போட்ட பெண்டாட்டியை வைத்துக்கொண்டு எந்த மனுஷனும் வண்டியைத் திருப்பமாட்டான் என்பது அவள் கணக்கு.

செங்கம் தாண்டியதும் போன் கத்தியது.

கந்தசாமி எடுத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஜானகி, இப்ப மணி இன்னா?"

"உச்சிவேள."

"கொட்டாயில நடுராத்திரியாம்."

போன் விடாமல் சேதி அனுப்பியது. வெளிச்சம் துளியும் இல்லை, ஆகவே நிழல்வலையைத் திறந்துவிட்டேன். காற்றில் அடைமழை ஈரம், ஆகவே தூறலை நிறுத்திவிட்டேன். மண் சுட்ட செங்கல்லாகக் காய்ந்திருக்கிறது, ஆகவே சொட்டுக்குழாய் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். அதாவது அனந்தபுரத்தில் ஒரே கூரையின்கீழ் ஒரே நேரத்தில் நள்ளிரவும் பெருமழையும் பஞ்சமும் வந்துவிட்டன.

தினேஷ்குமாருக்குப் போன் போட்டார். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டான்: "சார், உங்க பாலிஹவுஸ் இப்ப எந்த நாட்டுல இருக்குது?"

"அனந்தபுரத்துலதான்யா இருக்குது!"

"மூணும் ஒரே நேரத்துல கெட வாய்ப்பே இல்ல சார். கேமராவப் பாருங்க."

கேமராவைத் திறந்தார் கந்தசாமி. திரை முழுக்க மஞ்சளும் சிவப்புமாகத் தகதகவென்றது. செடி இல்லை, தூண் இல்லை, மீனம்பாளின் முந்தானை இல்லை.

"தீ! அய்யோ, கொட்டாயி பத்திக்கிச்சு! காமராஜ், திருப்புடா!"

காமராஜ் திருப்பினான். வாழைக்கன்று ஒன்று பிய்த்துக்கொண்டு போய் ரோட்டோரம் விழுந்தது. கந்தசாமி மீனம்பாளுக்குப் போன் போட்டு, "தீ, தண்ணி, ஓடு" என்று மூன்றே வார்த்தை சொன்னார். அவளும் சுண்டல் கையோடு ஓடினாள்.

ஜானகி ஸ்வெட்டரின் பித்தானை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றிய ஸ்வெட்டரை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தத் தீயக் காட்டுங்க பாக்கலாம்" என்று கையை நீட்டினாள்.

கந்தசாமி கொடுத்தார். ஜானகி போனைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள்.

"தீன்னா ஆடணும். இது ஆடல."

"பெரிய தீ, ஆடாது!"

"நடுவுல இதென்ன குறுக்கால ஒரு கோடு போவுது? ரயில் தண்டவாளம் மாதிரி?"

அவ்வளவு கிட்டத்தில் எந்தக் கேமராவுக்கும் எதுவும் தெளிவாகத் தெரியாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஜானகிக்குத் தெரிந்தது. அவள் புருஷனின் வலது கையைப் பிடித்து இழுத்து, பெருவிரலைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்யாணத்தன்று மஞ்சள் வைத்துக் கட்டிய அதே தழும்பு, கேமரா கண்ணாடியில் சந்தனத்தின்மேல் அச்சாகப் பதிந்திருந்தது.

"கேமராவுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"பின்ன? அதுவும் கருவிதானே?"

"வெளிச்சம் பாக்கற கண்ணுக்கு?"

"அதுக்குத்தான் பெருசா வெச்சேன். குங்குமம் நல்லா எடுப்பா நின்னுச்சு."

"அதான் அதுக்கு நடுராத்திரி. காத்த மோந்து பாக்கற மூக்குக்கு?"

கந்தசாமியின் குரல் இறங்கியது. "சந்தனத்தக் கரைச்சு... முழுக்கப் பூசினேன்."

"அதான் அடைமழ. மண்ணுல குத்தின முள்ளு?"

"அழுக்கா இருந்துச்சு ஜானகி. எடுத்துக் கழுவி, தொடைச்சு, தலைவாழை எலையில பொரிக்கு மேல வெச்சேன்."

"வெச்சத எடுத்துத் திரும்ப மண்ணுல குத்தினீங்களா?"

"பூஜையில வெச்சத எப்படி எடுக்கறது?"

முன்னால் காமராஜ் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக் குலுங்கினான். நல்லவேளையாக அதற்குள் வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தான்.

போனிலிருந்து மீனம்பாளின் குரல் மூச்சு வாங்கியபடி வந்தது. "தீயெல்லாம் ஒண்ணும் இல்ல மொதலாளி! ஆனா வல தொறந்துனு வெயில் நேரா உள்ள எறங்குது. செடியெல்லாம் தலயத் தொங்கப் போட்டுடுச்சி. கீழ நாத்து நடலாம், அவ்ளோ தண்ணி. பொட்டி வேற பூட்டியிருக்குது."

கந்தசாமி அரைஞாணைத் தடவினார். சாவி இங்கே இருந்தது. அவர் அங்கே போய்ச் சேருவதற்குள் குடைமிளகாய் வற்றலாகிவிடும்.

"மீனம்பா, பொட்டத் தொடச்சுடு" என்றாள் ஜானகி.

"ஆங்! நான் மாட்டேன்மா. போன வருஷம் மருந்தடிக்கிற மெஷின்ல தெரியாம பொட்டத் தொடச்சதுக்கு, லட்சுமி போயிட்டா, லட்சுமி போயிட்டான்னு மொதலாளி ஒரு வாரம் என்கிட்ட பேசல. இப்ப அஞ்சாறு லட்சுமிய நான் ஒருத்தியே அனுப்பணுமா? மொதலாளி வாயால சொல்லட்டும்."

எல்லோரும் கந்தசாமியைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். 'தொ' என்கிற எழுத்துவரை வந்தது, 'டை' வரவில்லை. அவர் அப்பா காலத்திலிருந்து மறுபூஜைக்கு முன்னால் அந்தக் கடையில் ஒரு தராசுத் தட்டைக்கூட யாரும் துடைத்ததில்லை.

"வேற வழியில்ல, போயிடலாம்" என்றார் முனகலாக. "ஊட்டி எங்க ஓடிடப் போவுது?"

ஜானகி மடியில் இருந்த ஸ்வெட்டரைத் தட்டினாள். பாச்சை உருண்டை வாசனை காரெங்கும் பரவியது. "மறுபூஜ முடிஞ்சா தொடைக்கலாம் இல்ல?"

"அது நாளைக்குக் காலையில."

"இப்ப கொட்டாயில இன்னா நேரம்?"

"சொன்னனே... நடுராத்திரி."

"யார் சொன்னது?"

"மெஷினு."

"நீங்க பெத்தவங்க சொன்னத நம்புவீங்களோ இல்லியோ, அந்த மெஷினு சொன்னா நம்புவீங்க. அங்க ராத்திரி வந்தாச்சு. ராத்திரிக்கு அடுத்து வர்றது காலைதானே? அங்க விடியற நேரம்தான் இது. எறங்குங்க, மறுபூஜ போடலாம்."

கந்தசாமி ஒரு நிமிஷம் யோசித்தார். எங்கேயோ தப்பு இருந்தது. ஆனால் அந்தத் தப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் மெஷினைச் சந்தேகப்பட வேண்டும். இறங்கிவிட்டார்.

புளியமரத்தடியில் மறுபூஜை நடந்தது. காமராஜின் காரில் கற்பூரம் இருந்தது. டிபன் கேரியரின் மூடி தட்டாயிற்று. மணிதான் இல்லை. ஊருக்கெல்லாம் மணி விற்கிற மனிதரின் கையில் ஒரு மணி இல்லை. "ஆரன் அடிக்கட்டுமாண்ணே?" என்று கேட்டான் காமராஜ். ஜானகி போனைப் பிடித்தாள், கந்தசாமி அதற்கு முன்னால் தீபாராதனை காட்டினார். ஹாரன் முழங்கியது. இங்கே அடித்த ஹாரன் அனந்தபுரத்தில் குடைமிளகாய்களின் தலைக்குமேல் ஒலித்தது. மீனம்பாள் கேமராவின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த வழியாகப் போன லாரிக்காரர் ஒருவர் இன்ன சாமி என்று கேட்காமலேயே இறங்கிவந்து, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விபூதிக்கும் கை நீட்டினார். கொடுத்தார்கள்.

"இப்ப தொடைக்கலாமா மொதலாளி?"

"...தொடை."

போனில் தீ அணைந்தது. அந்த இடத்தில் மீனம்பாளின் முகம் பூசணிக்காய் அளவுக்கு வந்து நின்றது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், கொட்டகையில் பொழுது விடிந்தது. நிழல்வலை கிறீச்சிட்டுக்கொண்டு மூடியது. மூக்கைக் கழுவித் துடைத்தாள், அடைமழை நின்று தூறல் தொடங்கியது. முள்ளைப் பொரியிலிருந்து எடுத்து மண்ணில் குத்தினாள், பஞ்சம் தீர்ந்து குழாய்கள் அடங்கின. கொஞ்ச நேரத்தில் முதல் வரிசையில் ஒரு செடி தலையைத் தூக்கியது. அதைப் பார்த்துவிட்டு மற்றவையும் தூக்கின என்று மீனம்பாள் சத்தியம் செய்கிறாள்.

எல்லாம் சரியாயிற்று. காரின் மூக்கு மட்டும் இன்னும் செஞ்சியைப் பார்த்து நின்றது. கந்தசாமி தொண்டையைக் கனைத்தார்.

"இவ்ளோ தூரம் திரும்பிட்டோம். ஒரு எட்டு கொட்டாயப் பாத்துட்டு..."

ஜானகி கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழையும் மீந்த சந்தனத்தையும் எடுத்தாள். போனின் முதுகில் இருந்த கண்ணுக்கு ஒரு பொட்டு. திருப்பி, திரையின் நடுவில் தோசை அளவுக்கு இன்னொன்று.

"ஏ! இன்னா பண்றே?"

"காலையில எல்லாத்துக்கும் பூஜ போட்டீங்க, இதுக்குப் போட்டீங்களா? உங்க கையிலயே இருக்கற கருவி இதுதான். இத விட்டுட்டீங்களே, தோஷமில்லியா?" அணையப்போன கற்பூரத்தை அதற்கும் ஒரு சுற்றுக் காட்டினாள். "இனிமே மறுபூஜ வரைக்கும் தொடக்கூடாது."

கந்தசாமியின் கை பாதி தூரம் நீண்டு அப்படியே நின்றது. லட்சுமி திரையில் உட்கார்ந்திருந்தாள்.

"காமராஜ், உன் போன ஒரு நிமிஷம்..."

"அதுக்கு விடியற்காலையிலியே பொட்டு வெச்சாச்சுண்ணே" என்றான் காமராஜ், வண்டியைத் திருப்பிக்கொண்டே.

ஜானகி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஊட்டியில் லாட்ஜ் வராந்தாவில் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு கந்தசாமி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு முக்காலி, அதன்மேல் போன், போனின்மேல் காய்ந்து வெடித்த பொட்டு. கற்பூரமும் தீப்பெட்டியும் தயார். சுற்றிலும் பனி. எதிர் வீடு தெரியவில்லை, மரம் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற ஜானகியின் ஸ்வெட்டர் மட்டும் மெரூனாகத் தெரிந்தது.

"ஜானகி, மணி ஒம்போதாவுது. மறுபூஜ போட்டுடலாமா?"

ஜானகி கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டு, வாயிலிருந்து புகைவிட்டுப் பார்த்தாள். புகை வந்தது. இன்னொரு முறை விட்டுப் பார்த்தாள்.

"விடியட்டுங்க" என்றாள். "சூரியன் எங்க இருக்குது, காட்டுங்க பாக்கலாம்?"

ஊட்டியில் மூன்று நாள் விடியவே இல்லை.